பாதி வழியில் நின்ற இறக்கை: ஒரு ராக்கெட் கிளைடரின் மூன்றாம் பறத்தல்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், கானாடுகாத்தானுக்கு அருகே நீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயின் நடுவிலிருந்து ஏவப்பட்ட எங்கள் ராக்கெட் கிளைடர், பிசகில்லாமல் மேலேறி, ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் தலை சாய்ந்தது. மோட்டார் எரிந்து முடிந்து சில வினாடிகளுக்குப் பின் வெடிக்கும்படி அதற்குள்ளேயே வைக்கப்பட்ட வெளியேற்று மருந்தின் சிறிய வெடிச்சத்தம் கீழே நின்ற எங்கள் காதில் தெளிவாக விழுந்தது. அதன் பிறகு சறுக்கிப் பறந்திருக்க வேண்டிய கிளைடர், மூக்கைக் கீழே நட்டுக்கொண்டு நேராக இறங்கி, காய்ந்து வெடித்திருந்த கண்மாய் மண்ணில் மோதியது. நிறுத்துக் கடிகாரம் காட்டிய நேரம் 9 வினாடி. முந்தைய வாரம் இதே கிளைடர், இதே கண்மாயில், இதே வகை மோட்டாருடன் 61 வினாடியும் 66 வினாடியும் பறந்திருந்தது. அந்த இரண்டு பறத்தல்களுக்கும் மூன்றாவதற்கும் இடையில் எது மாறியது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு 11 நாட்கள் ஆயின. காரைக்குடிக் கல்லூரி மாணவர் மூவரும், அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனாகிய நானும் சேர்ந்து செய்த ஆய்வின் பதிவு இது.

கிளைடர் என்ன செய்ய வேண்டும்

ராக்கெட் கிளைடர் என்பது மாதிரி ராக்கெட் போட்டிகளில் ஒரு பிரிவு. அதன் விதி சுருக்கமானது. மாதிரி ராக்கெட் மோட்டாரின் விசையால் செங்குத்தாக மேலேறும் கலம், எந்தப் பகுதியையும் கழற்றி எறியாமல், எரிந்து முடிந்த மோட்டார்க் கூட்டையும் சுமந்துகொண்டு, முழுக்கலமாகச் சறுக்கித் தரையிறங்க வேண்டும். மோட்டார்க் கூடு தனியே கழன்று விழுந்தால் அந்தப் பறத்தல் செல்லாது. எவருடைய கலம் அதிக நேரம் காற்றில் இருக்கிறதோ அவரே முன்னணியில் இருப்பார். மோட்டாரை மேலேயே கழற்றிவிட அனுமதிக்கும் பூஸ்ட் கிளைடர் என்ற பிரிவு தனியே உண்டு. அது இதைவிட எளிது. ஏனெனில் மூக்கில் இருந்த பாரம் போனதும் கிளைடரின் ஈர்ப்பு மையம் தானாகவே பின்னுக்கு வந்துவிடும். ராக்கெட் கிளைடருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிக்கலின் வேர் வேகத்தில் இருக்கிறது. எங்கள் கலத்தின் சறுக்குவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். மோட்டார் எரிந்து முடியும் கணத்திலோ, எங்கள் கணக்கின்படி, அது வினாடிக்கு 40 மீட்டருக்கு மேல் சென்றது. இறக்கை தரும் ஏற்றுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், சறுக்கும்போது கலத்தின் எடையை மட்டும் தாங்கும் அதே அமைப்பு, மேலேறும்போது எடையைப் போல முப்பது மடங்குக்கும் மேலான விசையைத் தரும். அப்படியே ஏவினால் கலம் வானத்தில் ஒரு வட்டமடித்து ஏவுதளத்துக்கே திரும்பிவிடும். அருகில் நிற்பவர்களுக்கு அது நல்ல காட்சியன்று. ஆகவே மேலேறும்போது ஈர்ப்பு மையம் இறக்கைக்கு நன்கு முன்னால் இருந்து, கலம் அம்பைப் போல நேராகப் போக வேண்டும். உச்சியை அடைந்ததும் அதே கலம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு கிளைடர் ஆக வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அரை வினாடிதான். இறக்கையை மடக்கி விரிப்பது, சுழற்றுவது, நகர்த்துவது என்று பல வழிகள் இருக்கின்றன. நாங்கள் தேர்ந்தெடுத்தது நகரும் இறக்கை.

கட்டுமானம்

உடலாக 420 மி.மீ. நீளமுள்ள, பால்சா என்னும் இலேசான மரத்தின் கட்டையும், அதன் அடிப்பக்கத்தில் இறக்கை நகர்வதற்காக இரண்டு மூங்கில் தண்டவாளங்களும் அமைத்தோம். மூங்கிலைச் சீவிக் கொடுத்தவர் ஊரில் பட்டம் கட்டுவதில் பேர்போன ஒரு பெரியவர். கணுவில்லாத இடமாகப் பார்த்து, தோல்பக்கம் வெளியே இருக்கும்படி, தீப்பெட்டிக் குச்சியைவிட மெல்லியதாக அவர் சீவிய இரண்டு சிம்புகளும் எடையில் கால் கிராம்கூட வேறுபடவில்லை. இறக்கை 3 மி.மீ. பால்சாவில் 440 மி.மீ. அகலமும் சராசரியாக 70 மி.மீ. ஆழமும் கொண்டது, அதன் எடை 12 கிராம். மோட்டார்க் குழல் மூக்குப் பகுதியில், உடலுக்கு மேலே ஒரு சிறு தூணின்மீது நின்றது. புகையும் சுடரும் உடலின் முதுகைத் தடவிச் செல்லும் என்பதால் அங்கே அலுமினியத் தாள் ஒட்டினோம். கலம் நேராகப் பறக்க உதவும் செங்குத்து நிலைத்தட்டை வாலுக்குக் கீழே வைத்தோம்.

மோட்டாரைப் பற்றிச் சில சொற்கள் தேவை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954இல் தொடங்கிவைத்த வழக்கப்படி, இக்கலையில் மோட்டார் என்பது ஒருமுறை மட்டும் எரிக்கக்கூடிய, தொழிற்சாலையில் அளந்து செய்யப்பட்ட பொருள். நாங்கள் பயன்படுத்திய பி6-4 வகையில், ‘பி’ என்பது 2.51 முதல் 5.00 நியூட்டன்-வினாடி வரையிலான மொத்தக் கணத்தாக்கையும் (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கிய அளவு), 6 என்பது சராசரி உந்துவிசையை நியூட்டனிலும், 4 என்பது எரிந்து முடிந்ததிலிருந்து வெளியேற்று மருந்து வெடிப்பது வரையிலான வினாடிகளையும் குறிக்கும். 18 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள அட்டைக்குழல்தான் அது. எடை ஏறத்தாழ 20 கிராம். இந்தியாவில் இவை வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை என்பதால், உரிய அனுமதி உள்ளவர் களத்துக்குக் கொண்டுவந்து, எரித்து முடிந்த கூடுகளைக் கணக்குப் பார்த்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாணவர்கள் கையில் ஒரு மோட்டார்கூடத் தங்கவில்லை. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, வாண மருந்தைக் குழலில் அடைத்தால் என்ன என்று கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். விசையும் தாமதமும் அளவிடப்படாத மருந்தை வைத்துக் கலத்தின் அமைப்பைக் கணக்கிடவும் முடியாது, விரல்களைக் காப்பாற்றவும் முடியாது என்பதே அவர்களுக்கு என் விடை.

கணக்கில் மாணவர்கள் முதலில் தவறவிட்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இறக்கையை 45 மி.மீ. முன்னே நகர்த்தினால் ஈர்ப்பு மையம் இறக்கையைப் பொறுத்து 45 மி.மீ. பின்னே வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். இறக்கைக்கும் எடை உண்டு. 50 கிராம் கலத்தில் 12 கிராம் இறக்கை 45 மி.மீ. முன்னே போனால், கலத்தின் ஈர்ப்பு மையமும் கூடவே 11 மி.மீ. முன்னே போகும், நிகரமாகக் கிடைப்பது 34 மி.மீ. மட்டுமே. மறுபக்கம், மூக்கில் இருக்கும் மோட்டார் எரிந்து 8 கிராம் குறைவதால் ஈர்ப்பு மையம் 22 மி.மீ. பின்னே வருகிறது. இரண்டையும் சேர்த்தால் 56 மி.மீ. இதன்படி ஏவும்போது ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்புக்கு 25 மி.மீ. முன்னாலும், சறுக்கும்போது முன்விளிம்பிலிருந்து 31 மி.மீ. உள்ளேயும் அமைந்தது. இறக்கை தன் முன் எல்லையை அடையும்போது ஒரு நூலை இழுத்து, வால்தட்டின் எலிவேட்டரை, அதாவது மூக்கைத் தூக்கவைக்கும் அசையும் பின்பகுதியை, 2 மி.மீ. உயர்த்தும்படி செய்தோம். கடைசி 5 மி.மீ. நகர்வில் மட்டுமே அது உயரும் என்பதைப் பின்னால் வருவதற்காக இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இறக்கையை முன்னே இழுப்பவை இரண்டு ரப்பர் பேண்டுகள். அதைப் பின்னே பிடித்து வைத்திருப்பது ஒரு நூல். அந்த நூல் இறக்கையின் அடிக்கட்டையில் கட்டப்பட்டு, உடலில் 1.5 மி.மீ. துளை ஒன்றின் வழியாக மேலேறி, மோட்டாருக்கு முன்னால் உள்ள குழல்வெளியைக் கடந்து மறுபக்கம் முடிச்சிடப்பட்டிருந்தது. வெளியேற்று மருந்து வெடித்ததும் சூடான வாயு நூலை எரித்துவிட்டுப் பக்கத் துளைகள் வழியே வெளியேறும். நூல் போனதும் இறக்கை முன்னே பாயும். முழுக்கலமும் இந்த ஒரு நூலை நம்பியே நின்றது.

வளவில் சறுக்கல் சோதனை

கண்மாயில் விடுவதற்கு முன், சறுக்குநிலையைக் காற்றில்லாத இடத்தில் சரிசெய்ய வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இதற்குப் பள்ளிக்கூட மண்டபம் தேடி அலைவார்கள். எங்களுக்கு ஒரு மாணவியின் உறவினர் வீடு கிடைத்தது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்னும் திறந்த முற்றமுள்ள கட்டு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் தாண்டிப் பின்கட்டு வாசல்வரை ஒரே நேர்கோடாகத் தெரியும் செட்டிநாட்டு வீடு, இந்த வேலைக்கென்றே கட்டியது போல இருந்தது. எரிந்த மோட்டார்க் கூட்டைக் குழலில் செருகி, இறக்கையை முன் எல்லையில் வைத்து, தோள் உயரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிட்டோம். தூரத்தை அளக்க நாடா தேவைப்படவில்லை. தரையில் எட்டங்குல ஆத்தங்குடிக் கற்கள் இருந்தன. 30 கல்லில் தொடங்கிய சறுக்கல், மூக்கில் ஒட்டிய களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததும் 44 கல்லை எட்டியது. அதாவது ஏறத்தாழ 9 மீட்டர். ‘தூணுல முட்டிறாம விடுங்கப்பா, பர்மாத் தேக்கு’ என்று அந்த வீட்டு ஆச்சி இரண்டு முறை சொன்னார். அவருடைய கவலை தூணைப் பற்றியது, கிளைடரைப் பற்றியதன்று.

முதல் நாள் பகல் பத்து மணிக்குச் சோதித்தபோது, கலம் வளவைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மூக்கைத் தூக்கியது. வால்தட்டில் கோணல் என்று எண்ணி ஒரு மணி நேரம் வீணாக்கினோம். திறந்த முற்றத்தின் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றே காரணம் என்பது, மறுநாள் விடியுமுன் சோதித்தபோது அந்தத் துள்ளல் காணாமற்போனதிலிருந்து தெரிந்தது.

விடுவிப்புப் பொறியையும் அங்கேயே சோதித்தோம். இறக்கையைப் பின்னே இழுத்து நூலால் கட்டி, குழலுக்குள் எரியும் ஊதுபத்தியை நுழைத்து நூலைத் தொட்டோம். இருபது முறையும் இறக்கை ‘டக்’கென்று முன்னே வந்து நின்றது. சரிபார்ப்புத் தாளில் ‘நூல் – சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான்.

மூன்று பறத்தல்கள்

பயிற்சிக்கு ஊராட்சியின் ஒப்புதலைப் பெற்று, ஆடு மேய்ப்பவர்கள் வருமுன் காலை ஆறரை மணிக்குக் களத்தில் இருந்தோம். ஏவுகம்பியை நேர்செங்குத்தாக நிறுத்தி, மின்கம்பி வழியே தீமூட்டியை இயக்கி, அனைவரும் 5 மீட்டருக்கு அப்பால் நின்றோம். முதல் இரண்டு பறத்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டிலும் கலம் உச்சியில் சற்றே தலை கவிழ்ந்தபோது மருந்து வெடித்தது. நான்கு வினாடித் தாமதம் இந்தக் கலத்துக்கு அரை வினாடி அதிகம்தான், ஆனால் இரண்டு வினாடி வகையை எடுத்தால் கலம் இன்னும் வேகமாக மேலேறிக்கொண்டிருக்கும்போதே இறக்கை நகர்ந்துவிடும். அகன்ற இடது வட்டங்களில் இறங்கி, ஒருமுறை கருவேலம் புதர் ஓரத்திலும் ஒருமுறை வெட்டவெளியிலும் தரை தொட்டது.

மூன்றாவது, மேலே சொன்னபடி, வீழ்ச்சி. மூக்குக் குழல் நசுங்கி, ஒரு தண்டவாளம் முறிந்து, இறக்கை உடலோடு ஒட்டியபடியே கிடைத்தது. அதை எடுக்க ஓடிய மாணவர்களை நிறுத்தி, தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படமெடுக்கச் சொன்னேன். பிறகு கிடைத்த ஆதாரங்களில் பாதி அந்தப் படங்களில்தான் இருந்தன.

ஐயங்கள்

முதல் ஐயம் புழுதி. செம்மண் தூள் தண்டவாளத்தில் ஏறி இறக்கையைப் பிடித்திருக்கும் என்றார் ஒரு மாணவர். முறியாத தண்டவாளத்தைத் துடைக்காமலே இறக்கையைப் பொருத்தி நகர்த்திப் பார்த்தோம், தடையில்லாமல் ஓடியது. இரண்டாவது ஐயம், ஒரு வாரம் இருசக்கர வண்டியின் பெட்டியில் வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டுகள். தளர்ந்துதான் இருந்தன, ஆனால் நாணயங்களைத் தொங்கவிட்டு அளந்தபோது, புதியவற்றின் இழுவிசையில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமிருந்தது. அதுவே தாராளம். மூன்றாவதாக, மருந்து வலுவின்றி வெடித்திருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. குழலின் உட்புறம் முந்தைய இரண்டு முறைகளைப் போலவே கறுத்திருந்தது. நூலும் அறுந்துதான் இருந்தது. எதற்கும் விளக்கம் கிடைக்காதபோது மோட்டார் செய்தவரின் தலையில் பழியைப் போடுவது இந்தப் பொழுதுபோக்கில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் பழக்கம். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

படங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்த மாணவிதான் முதல் தடயத்தைக் கண்டார். தரையில் கிடந்த கலத்தில் இறக்கை பின் எல்லையிலும் இல்லை, முன் எல்லையிலும் இல்லை. மோதலின் அதிர்ச்சியில் நகர்ந்திருக்கலாம் என்று நான் தடை சொன்னேன். ஆனால் தண்டவாளத்தின் மூங்கிலில், பின் எல்லையிலிருந்து 19 மி.மீ. தொலைவில், அடிக்கட்டை மோதலின்போது அழுந்திய புதிய வடு இருந்தது. ஆக, மோதும்போது இறக்கை அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது. அது 26 மி.மீ. போகாமல் நின்றதால், ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ 20 மி.மீ. முன்னால் தங்கிவிட்டது, கடைசி 5 மி.மீ. நகர்வில் மட்டுமே உயரும் எலிவேட்டரும் அசையவில்லை. இவ்வளவு மூக்குப்பாரத்தோடு எந்தக் கிளைடரும் நேராகத்தான் விழும்.

அடுத்த கேள்வி, நூல் அறுந்த பிறகும் இறக்கையைப் பாதியில் நிறுத்தியது எது என்பது. 1.5 மி.மீ. துளையைக் கைக்கண்ணாடியால் பார்த்தோம். இறக்கையில் கட்டியிருந்த நூலின் முனை அந்தத் துளைக்குள் சிக்கியிருந்தது. அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய, பளபளப்பான, பழுப்பு நிறக் குமிழ் ஒன்று இருந்தது. நகத்தால் அழுத்தினால் உடையவில்லை. சாம்பல் அப்படி இருக்காது. அது உருகி இறுகிய பிளாஸ்டிக்.

நூல்

முதல் இரண்டு பறத்தல்களுக்கும் கட்டியது, ஆச்சி வீட்டுப் பூக்கட்டும் நூல். வாழைநார் கிடைக்காத நாட்களில் மல்லிகை தொடுக்க வைத்திருக்கும் வெறும் பருத்தி நூல். மூன்றாவது பறத்தலன்று அது தீர்ந்துபோயிருந்தது. முந்தைய நாள் மாலை ஒரு மாணவர் தையல்காரரிடம் சென்று வெள்ளை நூல் வாங்கி வந்திருந்தார். நிறமும் தடிப்பும் ஒன்றுபோலவே இருந்தன. விசாரித்தபோது தையல்காரர் சிரித்தார்: ‘இப்ப யாரு தம்பி பருத்தி நூல் போட்டுத் தைக்கிறா? எல்லாம் பாலியெஸ்டர்தான். இழுத்தாலும் அறாது.’

அறாது என்ற அந்தக் குணத்தைத்தான் மாணவரும் விரும்பியிருக்கிறார். போதாததற்கு, ஏவுகம்பியில் நிற்கும்போது இறக்கை முன்கூட்டியே விடுபட்டுவிடக் கூடாதென்று, பத்திரத்துக்காக நூலை இரட்டையாகக் கட்டியிருந்தார். பாலியெஸ்டர் ஏறத்தாழ 255 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்தி உருகுவதே இல்லை. கருகி, எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடும். இழுவிசையில் நிற்கும் பாலியெஸ்டர் இழை உருகி அறும்போது, அறுந்த முனை சுருங்கி உருண்டையாகத் திரண்டு, ஆறியவுடன் கெட்டியாகிவிடுகிறது. இரட்டை நூலின் இரண்டு முனைகளும் சேர்ந்து திரண்டால் உருண்டையும் பெரிதாகும். இறக்கை முன்னே ஓட, நூலின் தளர்ச்சி தீரும்வரை 19 மி.மீ. நகர்ந்தது, அந்த இடத்தில் குமிழ் துளையின் வாயில் சிக்கி, இறக்கையைக் கயிற்றில் கட்டிய கன்றுபோல நிறுத்திவிட்டது.

ஊதுபத்திச் சோதனை இதை ஏன் காட்டவில்லை? ஒன்று, அந்த இருபது சோதனைகளும் பருத்தி நூலில் நடந்தவை. நூல் மாறியபின் எவரும் மீண்டும் சோதிக்கவில்லை. ‘நூல் – சரி’ என்ற என் குறிப்பில் எந்த நூல் என்று எழுதியிருக்கவில்லை. இன்னொன்று, பாலியெஸ்டரை வைத்தே ஊதுபத்தியால் சோதித்திருந்தாலும் குற்றம் தப்பியிருக்கக்கூடும். ஊதுபத்தி நூலை ஒரே புள்ளியில், குழலின் நடுவில், மெதுவாக அறுக்கிறது. வெளியேற்று மருந்தின் வாயுவோ குழல் முழுவதும் ஒரே கணத்தில் பரவி, துளையின் விளிம்புவரை உள்ள இழையை உருக்குகிறது. இதை உறுதிப்படுத்த, நகைப் பட்டறை ஒன்றில் ஊதுவிளக்கின் சுடரைக் குழலுக்குள் ஒரு கணம் பாய்ச்சிப் பார்த்தோம். இரட்டைப் பாலியெஸ்டரில் பத்துக்கு நான்கு முறை இறக்கை பாதியில் நின்றது. ஒற்றைப் பாலியெஸ்டரில் ஒரு முறை. பருத்தியில் ஒருமுறைகூட இல்லை. ஊதுவிளக்கின் சுடர் வெளியேற்று மருந்துக்கு நிகரானது என்று நான் வாதிட மாட்டேன்; ஆனால் கண்மாயில் கிடைத்த குமிழும் பட்டறையில் கிடைத்த குமிழும் கைக்கண்ணாடியின்கீழ் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாதவையாக இருந்தன.

திருத்தமும் போட்டியும்

பருத்தி நூலுக்குத் திரும்பியது மட்டும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நாளைக்கு வேறொருவர் வேறொரு நூலைக் கொண்டுவருவார். ஆகவே துளையையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முன்பக்கம் திறந்த ஒரு மூங்கில் கொக்கியை ஒட்டினோம். நூலின் முனையில் என்ன திரண்டிருந்தாலும் இறக்கை முன்னே ஓடும்போது அது தானே வழுக்கி வெளியே வந்துவிடும். பட்டறையில் இரட்டைப் பாலியெஸ்டரைக் கட்டியே இந்தக் கொக்கியைச் சோதித்தோம். பத்து முறையும் இறக்கை முழுதாக வந்தது. அதன் பிறகு பருத்தியைக் கட்டினோம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டோம். கலம் வெப்பக்காற்று ஏற்றத்தில் சிக்கினால், குறித்த நேரத்துக்குப் பின் அதைக் கீழே இறக்கும் திரிப் பொறியைச் சேர்க்க வேண்டுமென மாணவி கேட்டார். இரண்டு கிராம் கூடும் என்று நான் மறுத்தேன். அவர் கேட்டதே சரி.

போட்டி வைகாசியில், புதுக்கோட்டைப் பக்கத்துத் திடல் ஒன்றில், காலை ஒன்பது மணிக்குமேல் தொடங்கியது. முதல் சுற்றில் 58 வினாடி. இரண்டாம் சுற்றில் இறக்கை முழுதாக நகர்ந்ததைத் தொலைநோக்கியில் தெளிவாகப் பார்த்தோம். கலம் இரண்டு வட்டங்கள் இறங்கியது; மூன்றாவது வட்டத்தில் இறங்கவில்லை. காய்ந்த திடலிலிருந்து எழுந்த சூடான காற்று அதைத் தாங்கிக்கொண்டது. நான்கு நிமிடத்துக்குப் பின், கழுகு ஒன்று வட்டமிட்ட அதே இடத்தில் புள்ளியாகி மறைந்தது. பார்வையிலிருந்து மறைந்த கணம்வரை நேரம் கணக்கிடப்பட்டது; ஆனால் கலத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டாத பறத்தல் செல்லாது என்பது அந்தப் போட்டியின் விதி என்பதால், எங்கள் கணக்கில் 58 வினாடி மட்டுமே நின்றது.

ஆறு நாட்களுக்குப் பின், ஆடு மேய்க்கும் ஒருவர் கருவேல மரத்தில் ‘ரெக்கை வச்ச குச்சி’ ஒன்று தொங்குவதாக, அதில் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்துச் சொன்னார். இறக்கையின் ஓரத்தில் முள் கிழித்திருந்தது. மற்றபடி முழுதாக இருந்தது. மாணவர்கள் கலத்தைத் திருப்பி, முதலில் பார்த்தது கொக்கியை. இறக்கை முன் எல்லையில், எலிவேட்டர் 2 மி.மீ. உயர்ந்தபடி, கொக்கியின் வளைவில் சிட்டிகைச் சாம்பல் மட்டும் ஒட்டியிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.